எட்டுப் பேரைத் தேடிப் போன சிம் கார்டுக்காரர்

என்னை முதலில் தூங்குமூஞ்சி என்று சொன்னது உப்பு முதலாளி ஞானதுரைதான். லாரி வருவதைச் சொல்ல எனக்கு ஒன்பது தடவை போன் போட்டாராம். நான் இருந்ததோ பின்பக்கத்தில் உப்பு மூட்டை அடுக்கும் தகரக் கிட்டங்கியில். அங்கே டவர் கிடைத்து மணி அடித்தால்தானே எடுக்க? சொன்னேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மறுநாள் சிம் கம்பெனிக்காரர் கிறிஸ்டோ, வேலையாட்கள் எல்லோருக்கும் கார்டு விற்க டை கட்டிக்கொண்டு ஒப்பந்தத்தாளோடு வந்தார். "கடலுக்குள்ளகூட டவர் கிடைக்கும் சார். ரெண்டு வருஷ ஒப்பந்தம், நடுவுல மாத்த முடியாது."

"என் போன்லயும் இவுக கார்டுதான் முதலாளி. கிட்டங்கியில எடுக்காது" என்றேன்.

"அப்போ இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையில இருந்து வேலைக்கு வராத."

நான் கிறிஸ்டோ பக்கம் திரும்பினேன். "தம்பி, கிட்டங்கியில மூட்டை தைக்கிறவுக எட்டுப் பேரு இருக்காவ. அவுகளுக்கும் கார்டு வேணுமான்னு கேட்டுப் பாருங்களேன்."

டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"இப்போ அவரைக் கூப்பிடுங்க முதலாளி. கையெழுத்து எங்க போடணும்னு கேளுங்க."

முதலாளி மூன்று தடவை அழைத்தார். மூன்று தடவையும் கிறிஸ்டோ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது.

"யாருல இந்தப் பொண்ணு?"

"அவுக கம்பெனிப் பொண்ணுதான் முதலாளி. பொய் சொல்லாது."

முதலாளி பேனாவை மூடினார். கிறிஸ்டோ எட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தபோது ஒப்பந்தத்தாள் கையெழுத்தில்லாமல் அவர் பை மேலேயே இருந்தது.

வேறு கம்பெனி கார்டு வந்துவிட்டது. கிட்டங்கியில் இப்போது மணி கணீரென்று அடிக்கிறது. முதலாளி தினமும் நாலு தடவை கூப்பிடுகிறார். நீ அன்னைக்குத் தூங்கலப்பா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.