சீட்டு வாங்கிய விருந்தாளி

பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கும்பிட வருகிறவர்கள் வறண்ட ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். முதலில் வருகிற குடும்பம்தான் மணலில் ஊற்றுத் தோண்டும்.

இந்த வருஷம் கரையைக் குத்தகைக்கு எடுத்த தர்மலிங்கம், அதுவரை இல்லாத வழக்கமாகக் கூடாரத்துக்குச் சீட்டுப் போட்டுக் காசு வாங்கினார். முதலில் வந்த மாயழகி பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குள் கரை முழுக்கக் காலிக் குடங்கள்.

"ஏம்மா, ஊத்துத் தோண்டலையா?" என்று அதட்டினார் தர்மலிங்கம்.

"சும்மா தங்குனப்ப தோண்டினோம். இப்ப காசு குடுத்து வந்த விருந்தாளி. தண்ணி நீங்கதான் குடுக்கணும், ஐயா."

கூட்டம் சிரித்தது. அவரும் நாலு இடம் தோண்டிப் பார்த்தார். வெறும் மணல்தான் வந்தது. எல்லார் காசையும் திருப்பிக் கொடுத்த பிறகே மாயழகி ஊற்றுக்கண்ணைக் காட்டினாள்.

மறுவருஷம் அதே இடத்தில் தர்மலிங்கம் போட்ட குழாய் நின்றது. தண்ணீருக்கும் தனிச் சீட்டு.

"தண்ணியையும் விக்கலாம்னு நான்தானே சொல்லிக்குடுத்தேன்" என்றாள், குடத்தோடு வரிசையில் நின்ற மாயழகி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.