ஒரு நாற்காலியும் மூன்று உறுதிகளும்

“டீச்சர், இந்த மூணு வார்த்தையில எது சரின்னு மட்டும் சொல்லுங்க. விளக்கம் வேண்டாம்.”

கோயில் அலுவலகத்தில் முப்பது வருடமாக எழுத்தராக இருக்கும் சங்கரலிங்கம், ஜெசிந்தாவின் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார்.

ஜெசிந்தா சைக்கிள் கடை மாடியில் ஆங்கில வகுப்பு நடத்துபவர். அவருக்கு முப்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்து நாலு. அந்த ஊரில் ஆங்கிலத்துக்கு யாரும் வயது பார்ப்பதில்லை.

ஜெசிந்தா பாடம் சொல்லும் விதம் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ‘பாரோ’வுக்கும் ‘லெண்ட்’டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட ஒருவரிடம் குடையை இரவல் வாங்கி, மழைக்காலம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுத்தாராம். அந்த மனிதர் அதன்பின் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை.

“எந்த மூணு?”

“அஷ்யூர், என்ஷ்யூர், இன்ஷ்யூர். அகராதியில மூணுக்கும் ‘உறுதி’ன்னுதான் போட்டிருக்கு. ஒரே உறுதிக்கு எதுக்கு டீச்சர் மூணு வார்த்தை? வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்லையா?”

“கடிதத்துல என்ன இருக்கு?”

‘எங்கள் தேர் பத்திரமாக ஓடும் என்று உறுதி’ என்பதுதான் தேரோட்டத்துக்கு அனுமதி கேட்கும் அந்தக் கடிதத்தின் சாரம். வருடா வருடம் போன வருடக் கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதுவது அலுவலக வழக்கம். சங்கரலிங்கம் பழைய கோப்பைப் புரட்டியிருந்தார். ஒரு தட்டச்சர் காலத்தில் அஷ்யூர். அவர் ஓய்வு பெற்றதும் என்ஷ்யூர். கம்ப்யூட்டர் வந்த பிறகு இன்ஷ்யூர். மூன்று சொற்களும் தேரோடு சேர்ந்து ஊரைச் சுற்றி வந்திருந்தன. எந்த அதிகாரியும் ஏன் என்று கேட்டதில்லை.

புதிதாக வந்த சப்-கலெக்டர் கேட்டுவிட்டார். இந்த வருடக் கடிதம் திரும்பி வந்திருந்தது: அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி.

நாளை மாலைக்குள் பதில் போகவேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை தேருக்கு அனுமதி இல்லை. தேர் நின்றால் ஊர் முதலில் தேடப்போவது சங்கரலிங்கத்தைத்தான்.

ஜெசிந்தா மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினார். பிறகு மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“கால் ஆடுதே.”

“ஒண்ணும் ஆகாது. நான் சொல்லுதேன்லா?”

சங்கரலிங்கம் பாதி உட்கார்ந்தார். மீதி உடம்பைத் தொடையில் தாங்கிக்கொண்டார்.

“இது அஷ்யூர்.”

“சரி.”

“நல்லா சாஞ்சு உக்காருங்க. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது. எழுதியே தாரேன்.”

“இடுப்பு என்னோடதுல்லா டீச்சர்?”

“இது இன்ஷ்யூர்.”

அவர் இரண்டையும் குறித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தார்.

ஜெசிந்தா கீழே சைக்கிள் கடைக்குப் போனார். ஒரு சுத்தியலும் இரண்டு ஆணிகளும் கொண்டுவந்தார். அவரை எழுப்பி, நாற்காலியைக் கவிழ்த்து, ஆடிய காலை அடித்து இறுக்கினார். நிமிர்த்தினார். அதன்மேல் தானே ஏறி நின்று ஒருமுறை குதித்தார். இறங்கினார்.

சங்கரலிங்கம் உட்கார்ந்தார். நாற்காலி சத்தமே போடவில்லை.

“பிடிபட்டுட்டு டீச்சர்! என்ஷ்யூர். நமக்கு அதுதான் வேணும்.”

சந்தோஷமாக அதை எழுதிப் பேனாவை மூடி எழுந்தார்.

“அண்ணாச்சி, நாற்காலிக்குச் சுத்தியல் யாரு கையில இருந்துச்சு?”

“உங்க கையில.”

“தேருக்கு?”

முப்பது வருடமாகத் தேரைச் சங்கரலிங்கம் முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறார், கையில் அர்ச்சனைத் தட்டோடு.

ஜெசிந்தா சுத்தியலை நீட்டினார்.

“கடைக்காரர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

*

ஓடும் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற ஆவுடையப்பன், தேர் நிறுத்தியிருக்கும் தேர்முட்டியில் கட்டைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன கிளார்க்கய்யா, வழி தவறிட்டீயளா? ஆபீஸ் அந்தப் பக்கம்.”

“அடியில என்ன இருக்குன்னு காட்டும் வே.”

“வேட்டி அழுக்காயிரும்.”

“ஆகட்டும்.”

இருவரும் தேருக்கு அடியில் தவழ்ந்தார்கள். முதல் மூன்று சக்கரங்களில் குறை இல்லை. பின்பக்க இடது சக்கரத்தில், சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்து நிற்கும் கடையாணியைச் சங்கரலிங்கம் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அது பால்பல் மாதிரி ஆடியது.

வெள்ளிக்கிழமை அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் வடம் பிடிக்காத பெண்களும் பிள்ளைகளும் நடப்பார்கள்.

“தேஞ்சு போயிருக்கே வே!”

“போன வருசமே சொன்னேன்.”

“யார்ட்ட?”

“உங்க ஆபீஸ்லதான். எழுதிக் குடுன்னாங்க. எனக்கு எழுத வராதுல்லா.”

எழுதத் தெரிந்தவர் தேருக்கு அடியிலேயே படுத்தபடி பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

*

மறுநாள் மாலை சங்கரலிங்கம் மாடி ஏறி வந்தபோது முழங்கைவரை கரி. சுத்தியல் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

“எந்த வார்த்தை போட்டீங்க?”

“மூணுமே போடல டீச்சர்.”

கடிதத்தின் நகலை நீட்டினார். நாலே வரி. ‘பின் இடது கடையாணி தேய்ந்திருந்தது. புதிது அடிக்கப்பட்டது. ஆவுடையப்பன் மாட்டினார், அவர் சொல்ல நான் எழுதினேன். மாட்டும்போது நான் தேருக்கு அடியில் இருந்தேன்.’ ஆங்கிலத்தில் இரண்டு வரிக்குக் காலம் தப்பு. ஒரு வரிக்கு வினைச்சொல்லே இல்லை.

பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்த ஜெசிந்தா, படித்து முடித்து அதை மூடி வைத்தார்.

ஓரத்தில் இந்த முறை கேள்விக்குறி இல்லை. நேரில் போய் வாங்கிவந்த சப்-கலெக்டரின் அனுமதிக் கையெழுத்து மட்டும்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

அன்று காலையில்தான் கடையிலிருந்து வந்த புது நாற்காலி. பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

சங்கரலிங்கம் அதைக் கவிழ்த்தார். நாலு கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

அவர் உட்காரும்வரை ஜெசிந்தா உட்காரவில்லை.