மூன்றாவது அடியில் ஒரு மூச்சு

பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சின் பாடகர் குழுவிலிருந்துதான் ‘நாலு சுருதி’ கிளம்பியது. நான்கு பெண்கள், நான்கு குரல். முதலில் கல்யாண வீடுகள், பிறகு டிவி போட்டி, பிறகு சினிமா. இரண்டே வருஷத்தில் ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். போஸ்டரில் மட்டும் மூன்று முகம்தான் இருந்தது.

இல்லாத முகம் பியூலாவுடையது. அடிக்குரல் பாடுகிறவள். மேடையில் அவளுக்குச் சிரிக்க வராது, கையை எங்கே வைப்பதென்று தெரியாது. குரலை ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் போதும், ஆள் எதற்கு என்று கேட்டார் மேனேஜர். குழுவை நடத்திய ஷெரின் ஒரு நாள் யோசித்தாள். மறுநாள் தலையாட்டிவிட்டாள். பத்து வருஷம் பக்கத்தில் நின்று பாடியவளிடம் அதை நேரில் சொல்லக்கூட வாய் வரவில்லை, வாட்ஸப்பில் அனுப்பினாள்.

“சரிட்டி. நல்லா பாடுங்க,” என்று பதில் வந்தது.

அந்த வாரம் மெர்சி அக்கா இரண்டு முறை ஃபோன் செய்தார். நால்வருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். திட்டு விழும் என்று பயந்து ஷெரின் எடுக்கவில்லை.

லேப்டாப்பில் இருந்த பியூலா எந்த மேடையிலும் தவறவில்லை. கேட்டவர்கள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோயம்புத்தூரில்தான், சர்ச் நாளிலிருந்து பாடிவரும் ஒரு பாட்டின் நடுவில் லேப்டாப் நின்றது. மூன்று பேரும் விடாமல் பாடினார்கள். நீளமான மூன்றாவது அடியின் நடுவில் மூவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு தீர்ந்தது. இரண்டு விநாடி மேடையில் சத்தமே இல்லை. ஜனங்கள் அதுவும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஷெரினுக்கு அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் மெர்சி அக்காவைத் தேடி வந்தாள். அவர் காலி சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“வாட்டி, உள்ள வா,” என்றார்.

“அக்கா, ஒரு சந்தேகம்.”

“கேளு.”

“அந்த மூணாவது அடியைப் பத்து வருஷமா பாடுதேன். ஒரு நாள்கூட மூச்சு முட்டினதில்ல. இப்ப மட்டும் ஏன் முட்டுது?”

மெர்சி புத்தகத்தைக் கீழே வைத்தார். “பாடு. நான் பியூலா குரல்ல வாரேன்.”

இருவரும் பாடினார்கள். அடி எங்கும் அறுபடாமல் கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

“இப்ப நான் எங்க மூச்சு எடுத்தேன்?”

“கவனிக்கலக்கா.”

“நீ எங்க எடுத்த?”

“எனக்கு முடியாதப்ப எடுத்தேன்.”

“சேந்து பாடுதவங்களுக்கு முதல் நாளே என்ன சொல்லிக் குடுத்தேன்?”

அது ஷெரினுக்கு மறக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் எடுக்கும்போது நீ பிடித்துக்கொள்ள வேண்டும். நீ எடுக்கும்போது அவள் பிடித்துக்கொள்வாள்.

“பியூலா எங்க எடுப்பா?” என்றார் மெர்சி.

பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது கவனித்திருக்கலாம். ஷெரினுக்கு முகம் சுண்டிவிட்டது.

“ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டவள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். மூச்சுச் சத்தத்தையெல்லாம் அதில் வெட்டி எடுத்திருந்தார்கள். இடைஞ்சலாக இருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று சொன்னதே அவள்தான்.

பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா. கால்ல விழுந்தாவது அவளைக் கூப்பிடுதேன். என் மேல கோவமாத்தான் இருப்பா. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“நீ மெசேஜ் அனுப்பின அன்னைக்கே வந்தா. அழுதா. நீ இப்ப நிக்க இடத்துலதான் நின்னா.”

“என்ன சொன்னா?”

மெர்சி அட்டை போடாத புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“மூணாவது அடியில ஷெரினுக்கு மூச்சு முட்டும், யாரையாவது பிடிச்சுக்கிடச் சொல்லுங்கக்கான்னு சொல்லிட்டுப் போனா.”