சில்லுக்குள் மாட்டிய காந்தம்

சவரிமுத்து மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசிரியை மாதங்கிக்கு முப்பத்தாறு. சவரிமுத்து, கடலோர வயர்லெஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த மனிதர். படகிலிருந்து உதவி கேட்கும் குரல் காதில் விழும்; எந்தத் திசை என்று மட்டும் பிடிபடாது. அந்த வேதனைதான் அவரை மறுபடி படிக்க இழுத்து வந்தது.

மாதங்கியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரு மீக்கடத்திச் சில்லு. கடுங்குளிரில் அதற்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மங்கலான ரேடியோ அலையையும் பிடித்து, அது வந்த திசையைச் சொல்லிவிடும். ஒரே நிபந்தனை, குளிரும்போது பக்கத்தில் காந்தம் இருக்கக் கூடாது. அதனால் சாவி, வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைப்பது அங்கே வழக்கம்.

சவரிமுத்துவும் கழற்றித்தான் வைத்தார். சில்லுக்குப் பக்கத்தில் கிடந்த காந்தமுனை ஸ்க்ரூடிரைவர் அவர் கண்ணில் படவே இல்லை.

சில்லு குளிர்ந்த பிறகுதான் பார்த்தார். உடனே எடுத்தார். ஆனாலும் குளிரும்போதே அதன் காந்தப்புலம் சில்லுக்குள் சிக்கிக்கொண்டதால் திசை பிசகியது. மனுஷன் விடவில்லை. சோதனைப் படகை நாற்பது இடங்களில் நிறுத்தி, எங்கே எத்தனை டிகிரி தவறுகிறது என்று குறித்து, அதைத் திருத்திக் காட்டும்படி கம்ப்யூட்டரில் ஏற்றினார். மீட்புப் படை அதிகாரி பரிசோதிக்க வருவதற்கு முந்தின நாள் காலை அதை முடித்தார். அதிகாரிக்குத் திருப்தி என்றால் கருவி கடலோர நிலையங்களுக்குப் போகும். இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"நாற்பது இடத்துலயும் கச்சிதமா காட்டுது மேடம். இது போதாதா?"

மாதங்கி எழுந்து போய்க் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்.

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில்லு சூடாகி மறுபடி குளிர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரி வர்றார் மேடம்."

"தெரியும் சார். உள்ள மாட்டுன காந்தம், சில்லு சூடானாத்தான் வெளிய போகும்."

"நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சிட்டு அப்புறம் செய்யலாமே."

"படகு நாற்பத்தொண்ணாவது இடத்துல நின்னா?"

சவரிமுத்துவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைக்கூட வாசலில் வைத்துவிட்டு, வேறு காந்தம் ஏதும் கிடக்கிறதா என்று கூடத்தை மூலைமுடுக்கு விடாமல் கையால் துழாவிப் பார்த்தார். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகே உட்கார்ந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தபோது சில்லு பாதிதான் குளிர்ந்திருந்தது.

"நேத்து ஓடிட்டிருந்துச்சாமே. எதுக்கு நிறுத்துனீங்க?"

மாதங்கி சவரிமுத்துவைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதான் சார்," என்றார் அவர். ஸ்க்ரூடிரைவர், நாற்பது இடம், எதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"எப்பத் தயாராகும்?"

"சாயங்காலம் நாலு மணிக்கு."

"கடல்ல தத்தளிக்கிறவன் நாலு மணி வரைக்கும் காத்திருப்பானா?"

அதற்கு மாதங்கிதான் சொன்னார்.

"தப்பான திசைக்கு ஆள் அனுப்புனா, அவன் அதுக்கும் மேல காத்திருக்கணும் சார்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, நாலு மணி வரை காத்திருக்க உட்கார்ந்தார்.