சர்வரை நாமே அணைக்கும் புதன்கிழமை

அந்தக் காலத்தில் எங்கள் சர்வர் பேசும். தென்காசியில், மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் அது எங்களோடுதான் குடியிருந்தது. கரண்ட் போனால் அதன் யுபிஎஸ் 'கீக்' என்று ஒருமுறை கூப்பிடும். விட்டுவிட்டுக் கூப்பிட்டால் பேட்டரி பாதி என்று அர்த்தம். விடாமல் கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு சர்வரை அணைக்க ஓட வேண்டும். அறையில் இருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தோம். வியர்வையில் நனைந்துகொண்டே வேலை பார்த்தோம். அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

நாங்கள் மூன்று பேர். கம்பெனியைத் தொடங்கிய சண்முகவடிவு, புரோகிராம் எழுதும் பீர் முகமது, பிறகு நான். எந்தெந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று தினமும் காலையில் போன் போட்டுக் கேட்டு, சர்வரில் இருக்கும் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. ஆம்புலன்ஸ் டிரைவர்கள் அதைத் தங்கள் போனில் பார்த்து வண்டியைத் திருப்புவார்கள்.

ஒரு கார்த்திகை மாதம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. யுபிஎஸ் விடாமல் கத்தி அடங்கியது. கரண்ட் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள், வயலில் களை பறித்துக்கொண்டிருந்த சுடலைமுத்து என்பவரை விரியன் கடித்துவிட்டது.

அவரை ஏற்றிப்போன டிரைவர் மாடசாமி அடுத்த வாரம் எங்கள் படியேறி வந்தார்.

"பட்டியல் தெறக்கலை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்க மருந்து இல்ல. மறுபடி முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். ஆளு பிழைச்சிட்டாரு. ரெண்டு விரல் போயிட்டு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார்.

"இனிமே இது இந்த அறையில இருக்கக் கூடாது," என்றாள் வடிவு. "கிளவுடுக்குப் போயிருவோம்."

வேறு ஊரில், பெரிய கட்டடங்களில் ஓடும் கணினிகளில் வாடகைக்கு இடம் பிடிப்பதுதான் கிளவுட். மூன்று கம்பெனிகளிடம் ஆளுக்கு ஒரு வாரம் பட்டியலைச் சோதனைக்குக் கொடுத்தோம்; அந்தந்த வாரம் டிரைவர்கள் அங்கிருந்துதான் பார்த்தார்கள். அவரவர் வாரம் முடியும் நாளில் ஒவ்வொருவராகப் பேச வந்தார்கள். வடிவு, மாடசாமியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தாள். அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"உங்க சர்வர் விழுந்தா எம்புட்டு நேரத்துல எந்திரிக்கும்?"

"எங்ககிட்ட விழாது," என்றார் முதலில் வந்தவர்.

இரண்டாமவர் தடித்த ஒப்பந்தத்தைப் புரட்டிக் காட்டினார். "விழுந்தா இழப்பீடு உண்டு."

"விரலுக்கா சார்?" என்று மாடசாமி கேட்டார். வந்தவர் ஒப்பந்தத்தை மூடி வைத்தார்.

மூன்றாவதாக நாகர்கோவிலிலிருந்து கிரேஸ் மேரி என்ற இன்ஜினியர் வந்தாள். அது ஒரு புதன்கிழமை.

"விழும் அண்ணாச்சி. எல்லாரோடதும் விழும். உங்க பட்டியலை ரெண்டு ஊர்ல வச்சிருக்கோம். இப்ப ஒண்ணை அணைச்சுக் காட்டுதேன், மத்தது எந்திரிக்கான்னு பாருங்க."

பீர் முகமது எழுந்துவிட்டான். "வேண்டாம் வடிவு. இந்நேரம் யாரையாவது கடிச்சிருந்தா?"

மாடசாமி என்னிடம் அன்றைய பட்டியலைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். பிறகு ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டார். "பத்து நிமிசத்துக்குப் போன்ல பட்டியலைப் பாக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்லுதேன்."

கிரேஸ் தன் கணினியை வடிவு பக்கம் திருப்பி வைத்தாள். ஓர் ஊரில் இருந்த சர்வரை வடிவு தானே அணைத்தாள்.

திரை வெறுமையானது. ஒரு நிமிடம். இரண்டு. கீழே கடையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பீர் முகமது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். நான்காவது நிமிடம், மாடசாமி தன் போனையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். வரி வரியாக, கடைசிவரை சரிபார்த்தார்.

"வந்துட்டு," என்றார்.

அந்த வாரமே கிரேஸின் கம்பெனிக்கு மாறினோம். இப்போது எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். குளுகுளுவென்று இருக்கிறது. தாங்கள் வேலை பார்க்கும் சர்வரை அவர்களில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அறையின் புழுக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கிரேஸ் வந்த அந்தப் புதன்கிழமை முதல்தான், மாதத்தின் முதல் புதன்கிழமை டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நாங்களே அணைத்து, மற்றது எழுந்து வரும்வரை நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.