வெளியே போகும் வழியில் ஒரு மேசை

குரு சீடரைவிட ஆறு வயது இளையவர். கல்லூரிகளில் இது நடக்கும். பணிமூப்பு என்பது பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை; நியமன ஆணை கைக்கு வந்த தேதியைப் பார்க்கிறது.

குருவின் பெயர் மரியபுஷ்பம். அந்தக் கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவர். சீடர் தாணுலிங்கம். துறையில் கடைசியாகச் சேர்ந்தவர், ஆகவே ஐம்பத்தாறு வயதிலும் எல்லோருக்கும் இளையவர். அதற்கு முன்பு கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளியவர். அந்தப் பதவிப் பெயருக்குள் கௌரவம் எப்படி வந்தது என்று இதுவரை யாரும் ஆய்வேடு எழுதவில்லை.

துறைத் தலைவர் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்வதில்லை என்பதால், தாணுலிங்கம் அவரை 'குருவே' என்று அழைக்க ஆரம்பித்தார். கேலிதான். ஆனால் எந்தக் கேலியையும் வருடக்கணக்கில் சொன்னால் அது பட்டமாகிவிடும்.

அன்று மாணவர் சேர்க்கையின் கடைசி நாள்.

சேர்க்கைக் கூடத்தில் மேசை போடுவதற்கு அந்தக் கல்லூரியில் ஒரு முறை உண்டு. நுழைவாசலுக்கு நேரே வணிகவியல். வெளியே போகும் கதவை ஒட்டிப் பொருளியல். வணிகவியலில் 'இடமில்லை' என்ற சொல்லைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமானால், பொருளியலைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டை யார் செய்தார் என்று துறையில் யாருக்கும் தெரியாது. மேசையை நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

இந்த வருடம் மேசையாலும் முடியவில்லை. நான்கு மணிக்குள் இருபது பேர் சேராவிட்டால் முதலாண்டு வகுப்பு கிடையாது என்று செயலர் சொல்லிவிட்டார். வகுப்பு இல்லையென்றால் ஓர் ஆசிரியர் அதிகம். அதிகமானவர், அதே நிர்வாகம் ராமநாதபுரம் பக்கத்தில் நடத்தும் கல்லூரிக்குப் போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர்தான் அதிகமானவர். இதற்கு விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

தாணுலிங்கத்தின் மனைவி பகவதிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஊரிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் அந்த முறை கிடைக்க அவர்கள் எட்டு மாதம் காத்திருந்தார்கள். ஊரை விட்டுப் போனால் அந்தப் படுக்கை அடுத்தவருக்கு. வேறு ஊரில் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

மூன்று மணிக்குப் பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள்.

"குருவே, ஒரு சந்தேகம்," என்றார் தாணுலிங்கம்.

"கேளுங்க சார்."

"மொத நாள் வகுப்புல என்ன சொல்லுகோம்? கெடைக்கது கொஞ்சம், வேண்டியது நெறைய. அதனால மனுஷன் ஒண்ண விட்டு ஒண்ணத் தெரிஞ்செடுக்கான். அதப் பத்துன படிப்புதான் பொருளியல்னு."

"ஆமா."

"அந்த வகுப்புல இருக்க ஒருத்தனாவது இந்தப் படிப்பத் தெரிஞ்செடுத்து வந்திருக்கானா? பூரா அங்க இடமில்லன்னு வந்தது. பந்தியில எல கெடைக்காதவனக் கூப்புட்டு உக்கார வச்சு, பந்தி விசாரிக்கது எப்படின்னு பாடம் நடத்துகேன். இருவத்திரண்டு வருஷமா. இது என்ன உத்தியோகம்?"

மரியபுஷ்பம் டீயை ஊதினார்.

"சூடா இருக்கு."

"இதுதான் பதிலா?"

"டீயச் சொன்னேன்."

அப்போது வணிகவியல் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எகனாமிக்ஸ்ல கேட்டுப் பாருங்க. இதுக்கு அது தங்கச்சிதான்."

ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். பெண்ணின் பெயர் ஜெனிஷா. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விரல்களில் பால் காய்ந்து கறுத்திருந்தது.

தாணுலிங்கத்தின் உடம்பு அவரைக் கேட்காமலே எழுந்தது.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. பி.காம் இல்லன்னுட்டாங்களா? விடுங்க. ரெண்டும் ஒண்ணுதான். பேங்க் பரீட்சைக்கு இதுல இருந்துதான் கேள்வியே வருது."

"கேட்டியா மக்ளே," என்றார் அப்பா. "சாரு சொல்லுகாருல்லா. மார்த்தாண்டத்துல ஒரு காலேஜ்ல பி.காம் தாறோம்னு சொல்லுகானுவ சார். நாளைக்குள்ள வரணுமாம். ரெண்டு பஸ்ஸு மாறணும். பொம்பளப்புள்ள. இது பக்கம்."

"இதுல அக்கவுண்ட்ஸ் உண்டா சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதெல்லாம் வரும்மா."

வராது. ஆனால் இந்த வாக்கியத்தை அவர் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். வாக்கியம் எதிர்காலத்தில் இருப்பதால் அது இன்னும் பொய்யாகவில்லை என்பது துறையின் நம்பிக்கை.

மரியபுஷ்பம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "ஒனக்கு எது வேணும்?"

"அவளுக்குப் பக்கத்துல போதும் டீச்சரே," என்றார் அப்பா.

"அண்ணாச்சி, நீங்க பதில் சொன்னா ஒங்களத்தான் சேக்கணும்."

அப்பா சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"பி.காம்தான்," என்றாள் ஜெனிஷா.

"சரி." மரியபுஷ்பம் எழுந்தார். "சார், நான் செயலரப் பாத்துட்டு வாறேன். நேரம் நீட்டித் தருவாரான்னு கேக்கணும். நீங்க பேசிட்டிருங்க."

குரு போனார். சீடர் மேசைக்குப் பின்னால் தனியாக இருந்தார்.

பெண் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். "இங்க ஆளே சேரலியா சார்?"

"சேந்திருக்கு. ஒரு ஆளு கொறையுது."

"கொறஞ்சா?"

"வகுப்பு இல்ல."

"அப்ப நீங்க?"

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ராமநாதபுரத்தைச் சொன்னார். பகவதியைச் சொன்னார். எட்டு மாதத்தைச் சொன்னார். படுக்கை அடுத்தவருக்குப் போவதைச் சொன்னார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த மேசையில் அப்படி ஒரு பேச்சு நடப்பது அதுவே முதல்முறை.

"எங்கம்மைக்கும் கிட்னிதான் சார்," என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டாள். இருவரும் எழுந்து, கும்பிட்டுவிட்டு, வெளியே போனார்கள்.

மரியபுஷ்பம் திரும்பி வந்தார். "நாலுன்னா நாலுதானாம்."

"இருவது ஆயாச்சு மேடம்."

அவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். "அக்கவுண்ட்ஸ் வரும்னா சேந்தா?"

"இல்ல."

"பின்ன?"

"பகவதியப் பத்திச் சொன்னேன்."

மரியபுஷ்பம் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். பறக்காமல் இருக்க அதன் மேல் பஞ்சிங் மெஷினைத் தூக்கி வைத்தார்.

"நல்லது. நாலு மணிக்குக் குடுத்துருவோம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? தெரிஞ்செடுத்து வந்தவங்க ஒருத்தராவது உண்டான்னு கேட்டீங்க. ஒருத்தி வந்திருக்கா. என்ன, அவ தெரிஞ்செடுத்தது பொருளியல இல்ல. ஒங்க வீட்டுக்காரிய."

தாணுலிங்கம் பஞ்சிங் மெஷினை நகர்த்தினார். விண்ணப்பத்தை எடுத்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். அப்படியே இறங்கிப் போனார்.

மரியபுஷ்பம் போகச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. ஆறிய டீயைக் குடித்தார்.

கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். அப்பாவும் மகளும் அங்கே நின்றார்கள்.

"மக்ளே, இதப் பிடி."

"என்ன சார், போட்டோ ஒட்டலியா?"

"அதில்ல. இதுல அக்கவுண்ட்ஸ் வராது. ஒரு நாளும் வராது. நீ கேட்டது ரெண்டு பஸ்ஸு தள்ளித்தான் இருக்கு. பேங்க் பரீட்சையும் அந்தப் படிப்ப வச்சே எழுதலாம்."

"அப்ப ஒங்க வீட்டுக்காரி?" என்றார் அப்பா.

"அது எங்க பாடு அண்ணாச்சி. நான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கப்பிடாது."

பெண் தாளை வாங்கிக்கொண்டாள்.

நான்கு மணிக்குச் செயலர் அறையிலிருந்து ஆள் வந்து பட்டியலை வாங்கிப் போனார். பத்தொன்பது. வணிகவியல்காரர்கள் தங்கள் மேசை விரிப்பை உதறி மடித்தார்கள். அதில் ஒருவர் போகிற போக்கில், "அடுத்த வருஷம் பாக்கலாம் தாணு சார்," என்றார். அடுத்த வருடம் யார் பார்ப்பது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். நல்ல மனிதர்.

தாணுலிங்கத்தின் போன் அடித்தது. பகவதி.

"ஆளு கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்பாடா. அம்மா தாயே."

"திருப்பி அனுப்பிட்டேன்."

மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது.

"எதுக்கு?"

"ஒன் நோவச் சொல்லிச் சேத்திருந்தேன். அந்தப் புள்ள பாவம் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு."

"என்னைய வச்சா ஆளு புடிச்சீங்க?"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதான் அனுப்பிட்டேன்."

மறுமுனையில் மிக்ஸி ஜாரைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ராமநாதபுரத்துல மிஷின் இருக்கா?"

"விசாரிக்கணும்."

"விசாரிங்க. உப்பில்லாம தொவையல் அரச்சுக்கிட்டிருக்கேன். ஒங்களுக்கும் அதான் இன்னைக்கு." போன் வைக்கப்பட்டது.

தாணுலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டார். "திட்டுகா," என்றார்.

"கேட்டுது," என்றார் மரியபுஷ்பம்.

"குருவே, நான் செஞ்சது புத்தியா, முட்டாத்தனமா?"

"எனக்குக் கால் வலிக்கி சார். மேசைய எடுத்து வைக்க ஆளு வருவானா?"

யாரும் வரவில்லை. இருவருமாக ஆளுக்கொரு பக்கம் மேசையைப் பிடித்தார்கள். அப்போது வெளியே போகும் கதவு வழியாக யாரோ உள்ளே வந்தார்கள். மாணவர்களில் அந்தக் கதவு வழியாக அன்று உள்ளே வந்தது ஒருவர்தான். ஜெனிஷா.

"பஸ்ஸு இன்னும் வரல," என்றாள்.

"மக்ளே, நேரம் முடிஞ்சு போச்சு," என்றார் தாணுலிங்கம். "பட்டியலும் போயாச்சு."

"தெரியும் சார். சேர வரல. நான் மார்த்தாண்டத்துக்குத்தான் போறேன். அப்பாட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாரு." கதவருகே நின்றே பேசினாள். "நிறுத்தத்துல சும்மா நின்னப்ப ஒண்ணு தோணிச்சு. கேக்கலாமா?"

"கேளு."

"அக்கவுண்ட்ஸ் இல்லன்னு சொன்னீங்க. பி.காமும் இல்ல. அப்ப இதுல என்னதான் சார் இருக்கு?"

தாணுலிங்கம் மேசையைக் கீழே வைத்தார்.

அவரிடம் இந்தப் பாடத்துக்கு வரையறைகள் இருந்தன. இரண்டு மதிப்பெண் வரையறை, ஐந்து மதிப்பெண் வரையறை, பத்து மதிப்பெண்ணுக்கு வளைகோட்டுடன். வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு படுக்கையும், வாசலில் வரிசையாக நிற்கிறவர்களும்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இதுக்கு என்ன சொல்ல?"

"என்னக் கேட்டா?" என்றார் மரியபுஷ்பம். "நான் மேத்ஸ்ல இடமில்லன்னு இந்தக் கதவு வழியா வீட்டுக்குப் போகப் பாத்தவ. பிடிச்சு உக்கார வச்சாங்க. என்கிட்ட இத யாரும் கேட்டதில்ல."

மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் மூன்றை எடுத்துப் போட்டார். இரண்டை ஒரு பக்கமும், ஒன்றை அவற்றுக்கு எதிரேயும். பெண்ணை ஒன்றில் உட்காரச் சொல்லி, பக்கத்திலிருந்ததில் தான் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க சார். நானும் கேக்கேன்."