முறை தவறிய கடற்காகம்

அந்தக் காலத்தில் பறவையும் மிருகமும் மனிதரோடு மனிதராய்ப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது கடற்காகத்துக்கு இருந்த குரலை இன்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெயரில்தான் காகம், நிறம் வெள்ளை, குரலோ தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில் போல்விக் என்றொரு சின்னத் துறைமுகம். அதன் படித்துறைக்கு எதிரே ‘ஈரத் தொப்பி’ என்று ஒரு பப். பப் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம், அது குடித்துவிட்டு உருளுகிற இடமில்லை. தாழ்ந்த கூரை, புகையேறிக் கறுத்த உத்தரங்கள், ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு கணப்பு. மழையில் வருகிறவன் தொப்பியைக் கணப்பருகே ஆணியில் மாட்டிவிட்டு, அது காய்கிற வரைக்கும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். தொப்பி காய்ந்த பிறகும் எழுந்து போக மனசு வராது.

அதை நடத்தியவள் ஹெஸ்டர். பெரிய கை, பெரிய மனசு, ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கறார். அங்கே மேசை தேடி வந்து யாரும் பரிமாற மாட்டார்கள்; வேண்டியதைக் கேட்கக் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் அத்துப்படி. முன்னால் நிற்பவர் பேசி முடிக்கும்வரை பின்னால் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. நடுவில் புகுந்த காக்கையையும், நின்ற இடத்திலிருந்தே எல்லோர் தலைக்கும் மேலாக மூக்கை நீட்டிய நாரையையும் ஹெஸ்டர் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவை உள்ளே வந்ததே இல்லை.

பறவைகளில் மிஞ்சியது கடற்காகம் மட்டும்தான். தூண்டில் நரம்பு காலில் சிக்கி, கரையில் கிடந்து துடித்த அதை ஒரு குளிர்நாளில் ஜேகோ என்ற மீனவன் தூக்கிவந்தான். தனிக்கட்டை அவன். "இவர் என் விருந்தாளி, ஹெஸ்டர்" என்று சொல்லிக் கணப்பின் இடப்பக்கம் இருந்த முக்காலியில் உட்கார வைத்தான். அன்றிலிருந்து அந்த முக்காலி கடற்காகத்துடையதாயிற்று. அலையும் காற்றுமே கதி என்று கிடந்த பறவைக்கு ஒரு கூரை, ஒரு கணப்பு, பேர் சொல்லி விசாரிக்க நாலு பேர். அதை இழந்துவிடக் கூடாதே என்று அது வாசற்படியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

ஒரு நாள் பிற்பகல். வெளியே தூறல், கடலில் மூடுபனி. துறைமுக வாய்க்கு அருகே ஜேகோவின் படகு பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. அவன் ஒரு பாறைமேல் ஏறி நின்றுகொண்டான். அந்த ஊர் மீனவர்கள் பலரைப் போல அவனுக்கும் நீந்தத் தெரியாது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

தேடி வந்த கடற்காகத்திடம் அவன் சொன்னான்: "பறந்து போய் ஹெஸ்டர்கிட்ட சொல்லு. படித்துறையில கீழேயிருந்து ஆறாவது படி முழுகினா இந்தப் பாறைமேல நிக்கிற என் தலையும் முழுகிடும். நேரம் இருக்கு, பயப்படாதே."

பயந்துபோயிருந்தது அவன்தான். பறவை மூச்சிரைக்கப் பறந்துவந்து பார்த்தபோது மூன்றாவது படிவரை தண்ணீர் இருந்தது. அத்தனை அவசரத்திலும் வாசலில் காலைத் துடைத்துக்கொண்டது, பாவம்.

கவுண்டரில் கயிறு திரிக்கும் ஹாபி நின்றுகொண்டிருந்தார். பட்டாணி சூப்பா, வெங்காய சூப்பா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. அவருக்குப் பின்னால் பாதிரியார். கடற்காகம் மூன்றாவது ஆள்.

"மன்னிக்கணும் ஹெஸ்டர், ஒரு சின்ன விஷயம்..." என்றது அது, தன் மெல்லிய குரலில்.

ஹெஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருப்பா கண்ணு, உன் முறை வரட்டும். ஹாபி இன்னும் சொல்லி முடிக்கலையே."

கடற்காகம் வாயை மூடிக்கொண்டது. யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள்; கதவிடுக்கில் படித்துறை தெரிந்தது. நான்காவது படி போய்விட்டது. ஹாபி கடைசியில் பட்டாணி சூப் கேட்டார். பாதிரியார் பொரித்த மீன் கேட்டார். அதோடு விட்டாரா, தன் கடைவாய்ப்பல் வலித்த கதையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடற்காகமும் மரியாதையாகத் தலையாட்டியது. உள்ளுக்குள் அதற்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வந்து சேர்ந்தாள் மில்லிசெண்ட் அம்மையார். குடையை மடக்கி, "நான் ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்" என்று புன்னகைத்தாள். அவள் வந்த கதவு மூடுவதற்குள் ஐந்தாவது படிமேல் அலை புரண்டதைக் கடற்காகம் பார்த்துவிட்டது. ஆனால் பழக்க தோஷம் யாரை விட்டது? "நீங்க போங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டது.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதற்கு உறைத்தது. எதை யாருக்கு விட்டுக்கொடுத்தோம்? அங்கே ஜேகோ மார்பளவு தண்ணீரில் இந்த வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பான். இங்கே கணப்பு இதமாக எரிகிறது, முக்காலி காலியாக இருக்கிறது. ஒரு சத்தம் போட்டால் முக்காலி போய்விடும். போடாவிட்டால் அதில் தன்னை உட்கார வைத்தவன் போய்விடுவான்.

கடற்காகம் கவுண்டர்மேல் தாவி ஏறியது. "ஜேகோ!" என்று கத்தத்தான் நினைத்தது. பிறந்ததிலிருந்து உரக்கப் பேசியறியாத தொண்டை கிழிந்துபோய், சொல் வரவில்லை. "கியா! கியா! கியா!" என்று ஓர் அலறல்தான் வந்தது. கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன. மேசையடியில் தூங்கிய நாய் துள்ளி எழுந்தது. எல்லோரும் திகைத்து நின்றார்களே தவிர ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

வேறு வழி தெரியாமல் கடற்காகம் பாதிரியாரின் கையிலிருந்த மீன் துண்டை, அது வாய்க்குப் போகும் வழியிலேயே, பறித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"அடப்பாவி!" என்று பப்பே எழுந்து பின்னால் ஓடியது. மீன் போனதற்காக அல்ல; முறை தவறியதற்காக. அந்த ஊரில் அதைப் பொறுக்கவே மாட்டார்கள். கையில் கரண்டியோடு ஹெஸ்டர் முன்னால் ஓடினாள். படித்துறையைத் தாண்டி, கடலுக்குள் நீண்டிருந்த கற்சுவரின் கடைசிக் கல்லில் மீனை வைத்துவிட்டு, கடற்காகம் கடலைப் பார்த்து அலறியது. ஹெஸ்டரும் அந்தப் பக்கம் பார்த்தாள். மூடுபனிக்கு நடுவே, தண்ணீருக்கு மேல் ஒரு தலையும் உயர்த்திய ஒரு கையும் தெரிந்தன.

துடுப்புப் படகு போய் ஜேகோவைத் தூக்கியபோது தண்ணீர் அவன் தாடையைத் தொட்டிருந்தது.

கணப்பருகே அவனைப் போர்த்தி உட்கார வைத்துவிட்டு ஹெஸ்டர் வாசலுக்கு வந்தாள். கடற்காகம் உள்ளே வராமல் படியிலேயே நின்றது.

"நீ சொல்ல வந்தப்போ வாயை அடைச்சவ நான்தான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உள்ளே வாப்பா. உன் முக்காலி அப்படியேதான் இருக்கு."

பரவாயில்லை என்று சொல்ல அது வாயைத் திறந்தது. மறுபடி அந்த அலறல்தான் வந்தது. உள்ளே கணப்பருகே கண்ணயர்ந்திருந்த ஜேகோ திடுக்கிட்டு விழித்தான். பழைய குரல் போனது போனதுதான், இனி வராது என்று அதற்குப் புரிந்துவிட்டது. முக்காலியை ஒருமுறை ஆசைதீரப் பார்த்தது. பிறகு பறந்துபோய்க் கூரைமேல் புகைபோக்கியை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அங்கே கொஞ்சம் சூடு இருந்தது. கீழே, காலியான முக்காலியில் நாய் ஏறிப் படுத்தது.

ஹெஸ்டர் கூரையை அண்ணாந்து பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "இனிமே உனக்கு முறை கிடையாதுடா. என் வாசல்ல யார் கையில எது இருந்தாலும் எடுத்துக்கோ. ஒருத்தரும் கேட்கக் கூடாது!"

கடற்காகம் கேட்காமல் பறிப்பதும், அலறுவதும் அன்று முதல்தான். வெளியூர்க்காரர்கள் கையிலிருந்த வறுவல் போனதும் அதைத் திட்டுகிறார்கள். போல்விக்காரர்கள் மட்டும், திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கடலைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.